நான்கு இலட்சம் வெள்ளிக் காடியும் ஒரு கையெழுத்தும்



பள்ளி விடுமுறையில் பழைய கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு கணக்குத்தாள் கையில் கிடைத்தது. நீல மையில் நானே எழுதிய பெருக்கல், வகுத்தல், விழுக்காட்டுக் கணக்குகள். தாளின் தலைப்பில் 'ஹோண்டா சிவிக் டைப் ஆர்' என்று எழுதியிருந்தேன். தமிழ்ப்பள்ளி ஆசிரியன் ஒருவனின் கோப்பில் பந்தயக் குணம் கொண்ட அந்த மகிழுந்தின் பெயர் எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

2023ஆம் ஆண்டு தீபாவளிக்கு மறுநாள், என் மேனாள் மாணவன் ஒருவன் வீட்டிற்கு வந்தான். ஆறாம் ஆண்டில் என்னிடம் கணிதம் பயின்றவன். கணக்குப் புத்தகத்தின் பின் அட்டை முழுவதும் காடிகளாக வரைந்து வைத்திருப்பான். இரண்டு முறை அந்தப் புத்தகத்தைப் பறித்து வைத்துக்கொண்டு, "காடி வரைந்தால் கணக்கு வருமா?" என்று வகுப்பின் நடுவே கடிந்திருக்கிறேன். அவனோ நன்றாகப் படித்துப் பொறியியலாளனாகி, கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தான். தந்தை இல்லாத பிள்ளை. பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்து தாயார் வளர்த்த பிள்ளை.

முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு, கடிக்காமலே பேசினான்.

"ஐயா, நாற்பதாயிரம் வெள்ளி சேர்த்து வச்சிருக்கேன். மிச்சத்துக்கு லோன் போடணும். பேங்கில் கேரண்டர் ஒருத்தர் கேட்கிறாங்க. அம்மாவுக்குச் சம்பளச் சீட்டு இல்லை. உங்களைத்தான் நினைச்சேன்."

எந்தக் காடி என்று கேட்டேன். பெயரைச் சொன்னான். விலையைக் கேட்டேன். 399,900 வெள்ளி. என் மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

உடனே மறுத்துவிட எனக்கு மனம் வரவில்லை. பன்னிரண்டு வயதில் அவன் வரைந்ததைப் பறித்தவன் நான். இம்முறையாவது அவன் சொல்வதைக் காதில் வாங்க வேண்டும் என்று தோன்றியது. அவனுடைய வேலையிடத்து நண்பர் ஒருவர் அதே வண்டியை அண்மையில் வாங்கியிருந்தார். மறுவாரம் அதில் என்னை ஏற்றிக்கொண்டு, சுங்கைப் பட்டாணியிலிருந்து குருண் வரை வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் போய்வந்தார்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அது மிகச் சிறந்த வண்டி. சிவப்பு இருக்கை உடலை இறுகப் பிடித்துக்கொள்கிறது. இரண்டு லிட்டர் டர்போ இயந்திரம், 319 குதிரைத்திறன். கியரைக் கையால்தான் மாற்ற வேண்டும். தானியங்கி கியர் அதற்குக் கிடையாது. ஜெர்மனியில் நூர்புர்க்ரிங் என்னும் 20.8 கிலோமீட்டர் மலைப்பாதைப் பந்தயத் தடத்தை, 2023இல் இவ்வண்டி 7 நிமிடம் 44.88 வினாடியில் சுற்றி வந்தது. முன்சக்கரங்களால் இயங்கும் காடிகளில் அது சாதனையாயிற்று. இத்தனைக்கும் அது நால்வர் அமர்ந்து, பின்கதவைத் தூக்கி அரிசி மூட்டை ஏற்றக்கூடிய வண்டி. இவ்வகை அதிவேக 'ஹேட்ச்பேக்' காடிகளின் கவர்ச்சியே இதில்தான் இருக்கிறது. வார நாளில் வேலைக்கும் சந்தைக்கும் போகலாம்; விடுமுறையில் பந்தயத் தடத்திலும் ஓட்டலாம். 1976இல் வோல்க்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ பரப்பிய எண்ணம் அது. அன்று அதற்கு 110 குதிரைத்திறன் இருந்தாலே வியப்பு.

நெடுஞ்சாலையில் நண்பர் மூன்றாம் கியரில் மிதித்தார். முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. நான் சிறுவனைப்போல் சிரித்துவிட்டேன். அதற்குள் வேகமானி 110ஐத் தொட்டது. அவர் காலை எடுத்துவிட்டார். நம் நெடுஞ்சாலையின் உச்ச வேக வரம்பு அதுதானே! சிரிப்பு அடங்கியதும் என்னுள் இருந்த கணக்கு வாத்தியார் விழித்துக்கொண்டார். 270 கிலோமீட்டரையும் தாண்டவல்ல வண்டியில், இந்தச் சாலையில் சட்டப்படி அனுபவிக்கக்கூடிய பங்கு சில வினாடிகளே. காலையில் கூலிம் சாலை நெரிசலில் அந்தச் சில வினாடியும் கிடைக்காது.

அன்றிரவு தாளை எடுத்தேன். கணக்கு எளிதாக இருக்க, விலையில் பத்து விழுக்காடு முன்பணம், ஒன்பது ஆண்டுத் தவணை, ஆண்டுக்கு 3 விழுக்காடு நிலைவட்டி என்று வைத்துக்கொண்டேன். வங்கிக்கு வங்கி, ஆளுக்கு ஆள் வட்டி மாறும் என்பது தெரிந்ததே.

டைப் ஆர்: கடன் 360,000 வெள்ளி. வட்டி 97,200. மாதத் தவணை ஏறத்தாழ 4,233 வெள்ளி.

சுசூக்கி ஸ்விஃப்ட் ஸ்போர்ட்: 2021இல் இங்கு அறிமுகமானபோது விலை ஏறத்தாழ 140,000 வெள்ளி. கடன் 126,000. மாதத் தவணை 1,482.

பெரோடுவா மைவி 1.5: விலை அறுபதாயிரம் எனக் கொண்டால் கடன் 54,000. மாதத் தவணை 635.

பிடித்தங்கள் போக அவன் கையில் பெற்றது மாதம் 6,400 வெள்ளி. முதல் வண்டி அதில் மூன்றில் இரண்டு பங்கை விழுங்கும். இரண்டாவது வண்டிக்கு நான்கில் ஒரு பங்கும் ஆகாது. மூன்றாவதற்குப் பத்தில் ஒரு பங்கு.

சாலை வரியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. தீபகற்ப மலேசியாவில் அது இயந்திரக் கொள்ளளவைப் பொறுத்தது. டைப் ஆருக்கு ஆண்டுக்கு 378 வெள்ளி, மைவிக்கு 90. பெரிய செலவுகள் வேறிடத்தில் ஒளிந்திருக்கின்றன. காப்புறுதி வண்டியின் மதிப்பைப் பொறுத்து ஏறும். ஐந்தாண்டு இழப்பீடு கோராமல் ஓட்டியவருக்கே 55 விழுக்காட்டுக் கழிவு கிடைக்கும். இளைஞனுக்கு அது இன்னும் சேர்ந்திராது. 19 அங்குலச் சக்கரத்தின் மெல்லிய டயர், நம் சாலைக் குழி ஒன்றில் இறங்கினால் என்னவாகும் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு செய்தி என்னைச் சிந்திக்க வைத்தது. அதே காடி 2023இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 43,000 டாலருக்கு விற்றது. அன்றைய மாற்று விகிதத்தில் அது இரண்டு இலட்சம் வெள்ளிக்கும் சற்றுக் குறைவு. ஜப்பானிலிருந்து முழுமையாகப் பூட்டப்பட்டு இறக்குமதியாகும் வண்டிக்கு இங்கே வரிகளும் பிற செலவுகளும் சேரும்போது விலை இரட்டிப்பாகிறது. ஆகவே நம்மவர் கொடுக்கும் நான்கு இலட்சத்தில் ஏறத்தாழ பாதி, வண்டியின் திறமைக்கான விலையே இல்லை. பத்தாண்டு உரிமைச் சான்றிதழுக்கே பெருந்தொகை கட்டும் சிங்கப்பூர் அன்பர்கள் இதைப் படித்தால் புன்னகைக்கக்கூடும்.

இத்தனை கணக்கும் இருக்க, என் கையைத் தடுத்தது வேறொன்று.

என் தந்தை கெடாவில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். எனக்கு எட்டு வயதிருக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிள் வாங்க, அப்பா பிணைக் கையெழுத்துப் போட்டார். சில மாதங்களில் அவர் தோட்டத்தை விட்டே போய்விட்டார். வண்டியும் போயிற்று. மீதித் தவணையை அப்பா ஒன்றரை ஆண்டுகள் கட்டினார், தாம் மிதிவண்டியில் போய்வந்துகொண்டு. அவர் அந்த அண்டை வீட்டுக்காரரை ஒருநாளும் ஏசியதில்லை. "கையெழுத்துப் போட்டது நான்தானே" என்று மட்டும் சொல்வார்.

இப்போது சட்டம் சற்றுக் கருணை காட்டுகிறது. 2017இல் செய்த திருத்தத்தின்படி, சொந்தப் பயனுக்கான வாகனக் கடனுக்கு ஆதாயம் கருதாமல் பிணை நிற்பவர் 'சமூகப் பிணையாளர்' எனப்படுவார். அவரைத் திவாலாக்க நடவடிக்கை எடுக்க முடியாது. எனினும் கடன் கடன்தான். வாங்கியவர் கட்டத் தவறினால் பிணையாளரின் பொறுப்பு மறைந்துவிடுவதில்லை. எனக்கும் இரண்டு பிள்ளைகள் இடைநிலைப்பள்ளியில் இருந்தார்கள்.

அவனை அழைத்து, தாளை அவன் பக்கம் திருப்பி வைத்தேன்.

"தம்பி, காடியில் குறையில்லை. நான் ஏறிப் பார்த்தேன்; நீ ஆசைப்பட்டதில் தவறே இல்லை. ஆனால் உன் கையில் மிஞ்சுவது இரண்டாயிரத்துச் சொச்சம். அதில் பெட்ரோல், காப்புறுதி, வீட்டு வாடகை, அம்மாவின் மருந்து. ஒரு மாதம் மிகைநேர வேலை இல்லையென்றால் என்ன செய்வாய்? நான் கையெழுத்துப் போடவில்லை."

அவன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். "நீங்க என்னை நம்பலையா ஐயா?" என்றான்.

அந்தக் கேள்விக்கு அன்று எனக்குச் சரியான விடை வரவில்லை. "உன்னை நம்புகிறேன், ஒன்பது ஆண்டுகளை நம்பவில்லை" என்றேன். அது அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்காது. எழுந்து, காலைத் தொட்டு வணங்கிவிட்டுப் போனான். பொங்கலுக்கு வரவில்லை. ஆசிரியர் தினத்தில் வழக்கமாக வரும் வாழ்த்தும் வரவில்லை. அவனுடைய தாயாரைப் பள்ளியில் பார்க்கும்போதெல்லாம் எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. அவரோ ஒருநாள் தேநீர்க் குவளையை வைத்துவிட்டு, "நல்லது செஞ்சீங்க ஐயா. நான் சொன்னா கேட்டிருக்க மாட்டான்" என்று மெல்லச் சொன்னார்.

ஏறத்தாழ பத்து மாதங்கள் கழித்து அவனே வந்தான். வாசலில் ஒரு மஞ்சள் நிற ஸ்விஃப்ட் ஸ்போர்ட் நின்றது. பழைய வண்டி, பிணை இல்லாமலே கடன் கிடைத்ததாம். 140 குதிரைத்திறன்தான், ஆனால் ஒரு டன் அளவே எடை என்பதால் துள்ளிக்கொண்டு போகிறது என்றான். மிச்சப் பணத்தில் ஆண்டுக்கு இருமுறை செப்பாங் போய், 5.543 கிலோமீட்டர் தடத்தில் முறையாக ஓட்டி வருகிறானாம். "அங்கே 110 கிடையாது ஐயா" என்று சிரித்தான். டைப் ஆரைப் பற்றி இருவருமே பேசவில்லை. அந்த ஆசை போய்விட்டதா என்று நான் கேட்கவுமில்லை.

அப்படியானால் நான்கு இலட்சம் கொடுத்து அத்தகைய காடி வாங்குவது தகுமா? தவணை தம் வருவாயில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாதவர், வண்டியின் திறனைத் தடத்தில் உண்மையாகவே பயன்படுத்துபவர், இன்னொருவரின் கையெழுத்தைக் கேட்காமல் வாங்கக்கூடியவர் - இவர்களுக்குத் தகும், தாராளமாக வாங்கட்டும். மற்றவர்களுக்கு அது வாசலில் நிற்கும் கடன். தினமும் வேலைக்குப் போய்வர மைவி போதும். ஓட்டும் இன்பமும் வேண்டுமென்றால் ஸ்விஃப்ட் ஸ்போர்ட் போன்ற இடைநிலை வண்டிகள் இருக்கின்றன.

என் பிழை ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். விழுக்காட்டுப் பாடத்தில் ஆண்டுதோறும் மாம்பழத்தையும் பென்சிலையும் வைத்தே கணக்குப் போட்டு வந்தேன். காடி வரைந்த பிள்ளையின் புத்தகத்தைப் பறிக்காமல், அந்தக் காடியையே கணக்காக்கியிருக்கலாம். இப்போது ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு அந்த மூன்று வண்டிகளையும் கரும்பலகையில் எழுதித் தவணையைக் கண்டுபிடிக்கச் சொல்கிறேன். வகுப்பு அன்று மட்டும் மிகவும் அமைதியாக இருக்கும்.

சென்ற ஆண்டு ஒரு மாணவி கையை உயர்த்திக் கேட்டாள்: "ஐயா, கேரண்டர் பேரை எங்கே எழுதணும்?"

அதற்கும் கணக்கில் ஒரு கட்டம் ஒதுக்கிவிட்டேன்.