49 சதவீதத்தை எவ்வளவு நம்புவது?

ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரைச் சுற்றியுள்ள கிராம்பியன் வட்டாரத்தில், பெரிய மருத்துவமனைக்குப் போய்ச் சேரவே நெடுநேரம் ஆகும் கிராமங்கள் உண்டு. மாரடைப்பு வந்தவருக்கு இரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை ஊர் டாக்டரே வீட்டில் வைத்துப் போட்டுவிட்டால் என்ன என்று அங்கே சோதித்துப் பார்த்தார்கள். 1992-இல் முடிவு வெளியானது. மொத்தம் 311 நோயாளிகள். வீட்டிலேயே அந்த ஊசி (அனிஸ்ட்ரெப்ளேஸ்) போடப்பட்ட 163 பேரில் மூன்று மாதத்துக்குள் இறந்தவர்கள் 13 பேர். மருத்துவமனைக்குப் போனபின் போடப்பட்ட 148 பேரில் 23 பேர். மரணம் 49 சதவீதம் குறைவு. இது தற்செயலா என்று சோதிக்கும் பி-மதிப்பும் வழக்கமான எல்லையான 0.05-க்குக் கீழே.

மருத்துவ ஆய்வுகளின் எண்களோடு புழங்குவது என் தொழில். புதிதாக வரும் இளைஞர்களிடம் முதலில் இந்த நான்கு எண்களைத்தான் கொடுக்கிறேன். 49 என்றதும் மனம் துள்ளும். துள்ளட்டும். பிறகு ஒரு கணக்கு போடச் சொல்வேன்: மூன்றே மூன்று மரணங்கள் பக்கம் மாறி, 13-க்கு 16, 23-க்கு 20 என்று அமைந்திருந்தால்? குறைவு 27 சதவீதம்தான். மூன்று பேரின் விதியில் பாதியாகிவிடக்கூடிய ஒரு எண்ணை எவ்வளவு நம்புவது என்பதுதான் எங்கள் வேலையின் மையம்.

ஸ்டூவர்ட் போக்காக், டேவிட் ஸ்பீகல்ஹால்டர் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் அதே ஆண்டில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். ஏற்கெனவே தெரிந்ததை வைத்துப் பார்த்தால் 15 முதல் 20 சதவீதக் குறைவு எளிதில் நம்பக்கூடியது. பலனே இல்லை என்பதும் 40 சதவீதம் என்பதும் நம்பிக்கையின் இரு கோடிகள் என்றார்கள். இதைத்தான் நாங்கள் பிரையர் என்கிறோம். ஆய்வின் எண்கள் கைக்கு வருமுன் நமக்கு என்ன தெரியும் என்பதை எண்ணாகவே எழுதி வைப்பது.

இதற்குப் பெரிய கணினி வேண்டாம். மடக்கை அளவில், கிராம்பியன் தரவின் விலக்க வர்க்கச் சராசரி, அதாவது விடை எவ்வளவு சிதறக்கூடும் என்பதன் அளவு, சுமார் 0.135. அந்தப் பிரையரின் விலக்க வர்க்கச் சராசரி சுமார் 0.017. இந்தச் சிதறல் எவ்வளவு சிறிதோ, எடை அவ்வளவு பெரிது. ஆகவே முன்னறிவுக்கு எட்டுப் பங்கு, 311 நோயாளிகளுக்கு ஒரு பங்கு. அந்த எடைகளோடு சராசரி எடுத்தால் விடை கால் பங்குக் குறைவை ஒட்டி வந்து நிற்கிறது. எட்டு ஆண்டுகள் கழித்து, 2000-இல், இந்த ஆய்வையும் சேர்த்து ஆறு ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தபோது, மருத்துவமனைக்கு வருமுன்னரே ஊசி போடுவதால் கிடைத்த குறைவு சுமார் 17 சதவீதம். ஊசியை முந்திப் போடுவது நல்லது என்ற முடிவு நிலைத்தது, 49 நிலைக்கவில்லை.

பிரையர் வெறும் அபிப்பிராயம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. அபிப்பிராயம் எப்படியும் உள்ளே வந்துவிடும். எழுதி வைத்தால் அதோடு வாதாடலாம். டாக்டர்களிடம் அதை வாங்குவதற்கு ஒரு பழைய முறை இருக்கிறது. தாளில் கட்டங்கள்: ‘மரணம் கூடும்’, ‘மாற்றமில்லை’, ‘10 சதவீதம் குறையும்’, ‘20’, ‘30’ என்று. கையில் இருபது சில்லுகள். ஒரு இதயநோய் நிபுணர் எல்லாச் சில்லுகளையும் 20-லும் 30-லும் அடுக்கினார். “சார், ‘மாற்றமில்லை’யில் ஒன்றுகூட இல்லையே, அப்புறம் இந்த ஆய்வு எதற்கு?” என்றேன். கொஞ்சம் யோசித்து, “அப்படிக் கேட்டா, நாலு அங்கே போகணும்” என்று நகர்த்தினார். அந்த நான்கு சில்லுகள் முக்கியம். சுழியம் வைத்த கட்டத்தை எத்தனை ஆயிரம் நோயாளிகளின் தரவு வந்தாலும் உயிர்ப்பிக்க முடியாது. சுழியத்தை எதால் பெருக்கினாலும் சுழியம்தான். தாளில் தேதி போட்டு, தரவைத் திறக்குமுன் கோப்பில் வைத்துவிடுவோம்.

யாருக்குப் பலன் கூடுதல், யாருக்குக் குறைவு என்று கேட்கும்போது சிக்கல் பெருகுகிறது. வயது, சர்க்கரை நோய், எந்த மருத்துவமனை, எத்தனை மணி நேரத் தாமதம் என்று உட்குழுக்களாக உடைக்க உடைக்க, எங்காவது ஒரு விசித்திரம் தலைகாட்டியே தீரும். 1988-இல் வெளியான, மாரடைப்பு பற்றிய ஐசிஸ்-2 ஆய்வில் 17,187 பேர். ஆஸ்பிரின் இருதய, இரத்தநாள மரணங்களை 23 சதவீதம் குறைத்தது. ஆனால் மிதுனத்திலும் துலாத்திலும் பிறந்தவர்களுக்குச் சற்றே கெடுதல் போலக் காட்டியது. உட்குழு முடிவுகளை நம்பிவிடாதீர்கள் என்று எச்சரிக்கவே ஆய்வாளர்கள் அதை அச்சிட்டார்கள். ராசி என்பதால் சட்டென்று தள்ளிவிடுகிறோம். அதே வித்தியாசம் ‘70 வயதுக்கு மேற்பட்ட பெண்கள்’ என்ற தலைப்பில் வந்திருந்தால்?

இதற்கு நாங்கள் கையாள்வது படிநிலை மாதிரி. அதில் எந்த உட்குழுவும் தனியே பேசுவதில்லை. ஒவ்வொன்றின் மதிப்பும் மொத்தச் சராசரியை நோக்கி இழுக்கப்படும். ஆள் குறைந்த குழு அதிகம் இழுபடும். எவ்வளவு இழுப்பது என்பது குழுக்களுக்கிடையே உண்மையில் எவ்வளவு வேறுபாடு இருக்கும் என்ற ஒரே எண்ணைப் பொறுத்தது. ஐந்தாறு குழுக்களை வைத்துக்கொண்டு தரவிலிருந்தே அதை உறுதியாகக் கணிக்க முடியாது. மற்ற எல்லாவற்றையும்விட அந்த ஒரு எண்ணின் பிரையருக்கே நான் அதிக நேரம் செலவிடுகிறேன். அதை வைத்துப் பொய்யான ஆய்வுகளைக் கணினியில் உருவாக்கி டாக்டர்களிடம் காட்டுவேன். ஒரே மருந்து ஒரு ஊரில் உயிரைக் காத்து, பக்கத்து ஊரில் கொல்வது போல வந்தால், “இப்படி நடக்காது” என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

உடலுக்கு வெளியே இரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றும், செய்திகளில் கேட்டுப் பழகிய எக்மோ கருவிக்கும் இப்படி ஒரு கதை உண்டு. கடும் நுரையீரல் செயலிழப்பில் 249 பேரை வைத்து நடந்த இயோலியா ஆய்வு 2018-இல் வெளியானது. 60 நாளில் மரணம் எக்மோ குழுவில் 35 சதவீதம், மற்றதில் 46. பி-மதிப்பு 0.09. உடனே ‘பலன் நிரூபணமாகவில்லை’ என்று எழுதினார்கள். அதே ஆண்டில் வேறொரு குழு அந்த எண்களையே, பிரையரையும் தரவையும் சேர்த்துப் பார்க்கும் பேய்ஸ் முறையில் அலசியது. மிகுந்த ஐயத்தோடு தொடங்கும் பிரையரிலும் எக்மோ மரணத்தைக் குறைக்கிறது என்பதற்கான நிகழ்தகவு 88 சதவீதம்; மிகுந்த நம்பிக்கையோடு தொடங்கினால் 99. ஆனால் மரணம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறதா என்றால், மிக நம்பிக்கையான பிரையரிலும் 48 சதவீதத்தைத் தாண்டவில்லை. ஐயப் பிரையரில் கிட்டத்தட்ட சுழியம்.

என் அறிக்கைகளில் ‘மரணம் குறைகிறதா?’, ‘இவ்வளவுக்கு மேல் குறைகிறதா?’ என்ற இந்த இரண்டு வகை வரிகளையும் ஒரே அட்டவணையில் அடுத்தடுத்து வைக்கிறேன். ஒவ்வொரு வரியிலும் ஐயப்படுபவரின் விடை இடப்பக்கம், நம்புபவரின் விடை வலப்பக்கம். செலவும் ஆபத்தும் மிகுந்த ஒரு கருவியைத் தன் நோயாளிக்குப் பொருத்துவதா என்று தீர்மானிக்கும் டாக்டருக்கு இரண்டாவது வரிதான் கூடுதலாகத் தேவைப்படுகிறது.