குந்தவைக்குத் தண்ணீர் எடுத்தவள் யார்?

கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் வீடுகளில் இரண்டு காரியங்கள் தவறாமல் நடக்கும். மொட்டை மாடியில் வடாம் காயும். அதற்குக் காவலாக உட்கார்த்தி வைத்த ஆள் கையில் ஒரு சரித்திர நாவல் இருக்கும். அந்த நாவல் 'பொன்னியின் செல்வ'னாக இருந்துவிட்டால் வடாம் அத்தனையும் காக்கைக்குத்தான்!

1950-லிருந்து 1954 வரை 'கல்கி' பத்திரிகையில் வாராவாரம் வந்த கதை அது. அந்தப் பக்கங்களை மணியம் அவர்களின் சித்திரங்களோடு கிழித்து எடுத்து, தைத்து, அட்டை போட்டு வைத்த குடும்பங்கள் எத்தனை! 2022-லும் 2023-லும் இரண்டு பாகமாகத் திரைப்படம் வந்த பிறகு, தாத்தா காலத்துக் கதை பேத்திகள் கைக்கு மறுபடி வந்து சேர்ந்தது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். பதினான்கு வயதான என் அண்ணன் மகள் ஐந்து பாகங்களையும் மூச்சு விடாமல் முடித்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அத்தை, அந்தக் காலத்தில் நாம் இருந்திருந்தால் யாராக இருந்திருப்போம்? குந்தவையா, வானதியா?"

நான் வாயைத் திறப்பதற்குள், முறத்தில் அரிசி புடைத்துக் கொண்டிருந்த என் தாயார் பதில் சொல்லிவிட்டாள்: "குந்தவை அரண்மனையிலே தண்ணீர்க் குடம் தூக்கற வேலை கிடைச்சிருந்தாலே நம்ம வம்சத்துக்குப் பெரிய அதிர்ஷ்டம்டி!"

பெண்ணுக்கு முகம் சுண்டிப் போயிற்று. "தண்ணீர்க் குடம் தூக்குகிறவள் கதையிலேயே வரவில்லையே, பாட்டி!" என்றாள்.

வாசக சகோதரிகளே, இந்தச் சின்னப் பெண் சொன்னதில் விஷயம் இருக்கிறது. நாம் ஆசை ஆசையாகப் படித்த சரித்திரக் கதைகளில் இளவரசி உண்டு, தோழி உண்டு, மாறுவேடத்தில் ஒற்றன் உண்டு, சுரங்கப் பாதை கட்டாயம் உண்டு. நம்முடைய முப்பாட்டிகள் மாத்திரம் இல்லை. கல்கி அவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. வந்தால் என் தாயாரே என்னை வீட்டில் சேர்க்கமாட்டாள். ஒரு கல்வெட்டில் 'வல்லவரையர் வந்தியத்தேவர்' என்று குந்தவையின் கணவர் பெயர் வருகிறது. அந்தப் பெயரைப் பிடித்துக் கொண்டு ஒரு முழு மனிதனைக் குதிரை மேல் ஏற்றி வீராணம் ஏரிக் கரையில் கொண்டு வந்து நிறுத்தினாரே, அது லேசான காரியமா? ஆனால் நந்தினி முழுக்க முழுக்க அவருடைய கற்பனை என்பதைப் பெண்களுக்குச் சொல்லி வையுங்கள். என் மருமகள் பரீட்சைத் தாளில் எழுதிவிடுவாளோ என்று எனக்குப் பயம்.

அந்தத் தண்ணீர்க் குடத்துக்காரியைத் தேடிக் கொண்டுதான் நான் அவளுக்கு இந்த விடுமுறைக்கான புத்தகங்களைப் பொறுக்கினேன். கல்கி, சாண்டில்யனோடு அலமாரி நின்று போயிருக்கும் வீடுகளுக்கு இவை புதியவைதாம்.

முதலில் பாலகுமாரனின் 'உடையார்'. ஆறு பாகம். ராஜராஜன்தான் கதாநாயகன். என்றாலும் தஞ்சைப் பெரிய கோயில் எழும்புகிற கதை என்பதால் கல் சுமப்பவர்களும் சிற்பிகளும் நாட்டியப் பெண்களும் நாவலில் நிறைய நடமாடுகிறார்கள். சில இடங்களில் பாத்திரங்கள் பேசுகிறார்கள், பேசுகிறார்கள், பேசிக் கொண்டே இருக்கிறார்கள். அங்கே இரண்டு பக்கம் தள்ளினால் குற்றமில்லை. படித்து முடித்த பின் தஞ்சாவூருக்கு ஒரு நடை போய் வாருங்கள். அந்தக் கோயிலின் கல்வெட்டில் நானூறு ஆடல் மகளிரின் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. பெயர் மட்டுமா? எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பது வரை விவரம் இருக்கிறது. ஆளுக்கு ஆண்டொன்றுக்கு நூறு கலம் நெல் சம்பளம். ஆயிரம் வருஷத்துக்கு முந்திய சாதாரணப் பெண்களின் விலாசம்! இதைச் சொன்னபோதுதான் என் மருமகளின் முகம் தெளிந்தது.

அடுத்தது புதுச்சேரி. பிரபஞ்சன் எழுதிய 'மானுடம் வெல்லும்', அதைத் தொடர்ந்து 1995-இல் சாகித்ய அக்காதெமி பரிசு பெற்ற 'வானம் வசப்படும்'. பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736-லிருந்து 1761 வரை எழுதிய தினப்படிக் குறிப்புகளே இவற்றுக்கு ஆதாரம். யுத்தம், பட்டணத்து வியாபாரம், கல்யாணம், வழக்கு, வதந்தி எல்லாவற்றையும் அந்த மனிதர் எழுதி வைத்தார். கவர்னர் துய்ப்ளேயின் மனைவியிடம் அவருக்கு இருந்த கசப்பும் அதில் பதிவாகியிருக்கிறது. பிரபஞ்சன் அதை எடுத்துக் கொண்டு தெருவில் இறங்கிவிடுகிறார். துரையின் மாளிகையில் எடுத்த ஒரு முடிவு கடைசியில் எந்த ஏழை வீட்டு அடுப்பை அணைக்கிறது என்று காட்டுகிறார். ராஜா, ராணி இல்லாமலே சரித்திரக் கதை இத்தனை விறுவிறுப்பாக இருக்கும் என்பதை முதலில் நான் தெரிந்து கொண்டது இங்கேதான்.

சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' 2008-இல் வந்தது. 2011-க்கான அக்காதெமி பரிசு இதற்கு. ஆயிரம் பக்கத்துக்கு மேல். தொடக்கத்தில் மேட்டில் வண்டி இழுப்பது போலத்தான் இருக்கும். அரசர்களும் படையெடுப்புகளும் வரிசையாக வந்து போவார்கள், மனம் தளராதீர்கள். மதுரைக் கோட்டையை வெள்ளைக்காரர்கள் இடித்த 1840-களுக்கு வந்து சேர்ந்ததும் புத்தகத்தைக் கீழே வைக்க முடியாது. களவும் காவலும் ஒரே ஊராரின் தொழிலாக இருந்தது எப்படி, பிறகு அந்த ஜனங்கள் குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்தப்பட்டது எப்படி என்பதுதான் கதை. பொழுது சாய்ந்து வெளியே போன புருஷன் விடிவதற்குள் திரும்பி வருவானா என்று விழித்திருக்கும் பெண்கள் உண்டே, அவர்களை நினைத்துக் கொண்டு படியுங்கள்.

இதே ஆசிரியரின் 'வேள்பாரி' ஆனந்த விகடனில் 2016 முதல் 2018 வரை தொடராக வந்து சக்கைப்போடு போட்டது. பறம்பு மலையில் மரம், செடி, விலங்கு ஒவ்வொன்றையும் பற்றிக் கதை சொல்லிக் கொண்டே போகிறது. பையன்களுக்கு மிகவும் பிடிக்கும். எனக்கு ஒரே ஒரு குறை. பாரிக்கு ஒரு குறையாவது வைத்திருக்கலாம்!

கடைசியாக, ராஜம் கிருஷ்ணன் எழுதிய 'பாதையில் பதிந்த அடிகள்'. அரண்மனைக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. கதாநாயகி மணலூர் மணியம்மாள், தஞ்சைச் சீமையில் நிஜமாகவே வாழ்ந்தவர். பிராமணக் குடும்பத்தில் பிறந்து சிறு வயதிலேயே விதவையானவர். மூலையில் உட்கார மறுத்து, தலையைக் கிராப் வெட்டிக் கொண்டு, வேட்டியும் சட்டையும் அணிந்து, பண்ணையாட்களின் சேரிக்குப் போய் அவர்களைச் சங்கமாகத் திரட்டினார். சிலம்பமும் கற்றவர். 1953-இல் கொம்பு மான் முட்டி அவர் இறந்தார். எந்த நாவலாசிரியருக்கும் இப்படியொரு முடிவைக் கற்பனை செய்யத் துணிச்சல் வராது! ராஜம் கிருஷ்ணன் ஊர் ஊராக அலைந்து, மணியம்மாளைப் பார்த்துப் பழகிய கிழவர்களையும் கிழவிகளையும் தேடிப் பிடித்துக் கேட்டு எழுதினார். வாளும் இல்லை, சுரங்கமும் இல்லை. ஆனால் வயலில் நிற்கும் பெண்களுக்கு இதில் பெயர் இருக்கிறது, வாய் இருக்கிறது, கோபமும் இருக்கிறது.

இதை என் மருமகளிடம் கொடுத்தபோது அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதிலே ராணி யாரும் இல்லையா?" என்று உதட்டைப் பிதுக்கினாள். அவள் எங்கோ வைத்துவிட்டுப் போன புத்தகத்தை என் தாயார் எடுத்துக் கொண்டுவிட்டாள். மூன்று நாளாகியும் திருப்பிக் கொடுக்கவில்லை. ராஜம் கிருஷ்ணனின் நூல்கள் நாட்டுடைமை ஆகியிருக்கின்றன. உங்கள் பேட்டை நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். கிடைத்தால், வடாம் காயப் போடாத நாளாகப் பார்த்துத் தொடங்குங்கள்.