பெத்தகானவிலே ஒரு காலை

கொழும்பின் வாகன இரைச்சலுக்கு மிக அண்மையிலே, பறவைகளின் குரலை மட்டும் கேட்டு நடக்கத்தக்க இடமொன்று உண்டென்றால் பலர் நம்பமாட்டார். கோட்டேயிலுள்ள பெத்தகான ஈரநிலப் பூங்கா அத்தகையதோர் இடம். ஞாயிறொன்றின் காலையிலே, வெயில் ஏறுமுன், புதிதாக வாங்கிய புகைப்படக் கருவியைத் தோளிலே மாட்டிக்கொண்டு, மகனையும் உடனழைத்து, நாம் அங்கே சென்றோம். நல்ல படங்களை எடுத்து நண்பர்களுக்குக் காட்டிப் பெருமை கொள்ளவேண்டும் என்பதே நமது நோக்கம், அதை மறைப்பானேன்?

சதுப்பின் மீது அமைந்த மரப்பலகைப் பாதை வழியே நடந்தோம். இருபுறமும் நாணலும் பன்னும் தலையசைத்தன. பட்ட மரமொன்றிலே நீர்க்காகம் சிறகை விரித்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அதன் இறகுகள் நீரை முற்றாகத் தடுப்பனவல்ல. ஆதலால் மூழ்கி மீன்பிடித்தபின் அவற்றை உலர்த்தவேண்டியிருக்கிறது. சாய்ந்து விழும் காலை ஒளியிலே மீன்கொத்தியின் நீலம் சுடர்விட்டது. இவை இரண்டும் நமது கருவிக்குள் அடங்கின.

இச்சதுப்புக்கு நீண்ட வரலாறு உண்டு. 15ஆம் நூற்றாண்டிலே ஆறாம் பராக்கிரமபாகு அரசிருந்த தலைநகர் இக்கோட்டே. செண்பகப் பெருமாள் யாழ்ப்பாணத்தின்மீது படைகொண்டு வந்ததும் அம்மன்னனின் ஆணையினாலேயாம். நகரைச் சூழ்ந்த சேறும் நீரும் அன்று இயற்கை அகழியாய் நின்று பகைவரைத் தடுத்தன. இன்று அதே சதுப்பு மழைநீரை உள்வாங்கி நகரை வெள்ளத்தினின்றும் காக்கின்றது. சதுப்புகளை நிரப்பிக் கட்டடம் எழுப்பினால் நீர் எங்கே செல்லும்? 2010 நவம்பரிலே பெய்த பெருமழையின்போது, தியவன்னாவின் நடுவே அமைந்த பாராளுமன்றத்தையே வெள்ளம் சூழ்ந்ததை நாம் மறந்துவிடலாகாது. 2018இலே ராம்சார் உடன்படிக்கையின்கீழ் முதன்முதலாக ஈரநில நகரங்களென ஏற்கப்பட்ட 18 நகரங்களுள் கொழும்பும் ஒன்று. இரவிலே மீன்பிடிப் பூனை உலாவும் தலைநகர் உலகில் வேறெத்தனை உண்டு?

பாதையின் திருப்பத்திலே கானாங்கோழி ஒன்று நான்கு குஞ்சுகளுடன் மேய்ந்துகொண்டிருந்தது. கரிய பஞ்சுருண்டைகள் போன்ற குஞ்சுகள்! ஆனால் இடையே நாணல் மறைத்தது. ஆசை உந்த, பலகையை விட்டுச் சேற்றிலே ஒரு காலை ஊன்றினோம்.

"அப்பா, இறங்காதேங்கோ! அது பயந்து ஓடிப்போடும்," என்று மகன் நமது சட்டையைப் பற்றி இழுத்தான்.

அவன் சொல்லி முடிக்குமுன் பறவை அலறிக்கொண்டு நாணலுக்குள் ஓடியது. மூன்று குஞ்சுகள் தொடர்ந்தன. நாலாவது வழிதெரியாது வெளியிலே நின்று கீச்சிட்டது. மேலே மரக்கிளையிலே காகமொன்று தலையைச் சாய்த்து அதையே பார்த்துக்கொண்டிருந்தது.

இப்போது குஞ்சு மிக அருகிலே, மறைப்பேதுமின்றி நின்றது. படமெடுக்க அதைவிட நல்ல தருணம் வாய்க்காது. எனினும் கருவியை உயர்த்த நமது கை எழவில்லை. காலை எடுத்துப் பின்வாங்கி, பத்தடி தள்ளி அசையாது நின்றோம். கால் மணி நேரம் சென்றிருக்கும். மகன் காகத்தினின்றும் கண்ணை எடுக்கவில்லை. ஈற்றிலே நாணலுக்குள்ளிருந்து மெல்லிய குரல் ஒன்று கேட்டது. தாயோ தந்தையோ அறியோம்; ஆணும் பெண்ணும் ஒரே தோற்றமுடையன. குஞ்சு குரல்வந்த திசைநோக்கி ஓடி மறைந்தது. அப்பொழுதுதான் நமக்கு மூச்சு வந்தது.

வீடு திரும்பியதும் இல்லத்தரசி சேறு படிந்த காற்சட்டையைப் பார்த்து, "நல்ல படம் ஏதேனும் கிடைத்ததோ?" என்று வினவினார். மகன் நம்மைப் பார்த்தான். நாம் அவனைப் பார்த்தோம்.

கானாங்கோழியின் படம் நம்மிடம் இல்லை. அன்று பகைவர் கால்வைக்க அஞ்சிய சேற்றிலே, நண்பரென்று சொல்லிக்கொண்டு நாமும் கால்வைக்கலாகாது என்ற பாடம் மட்டும் இருக்கிறது. அங்கே செல்லும் அன்பர்கள் கருவியைக் கொண்டு செல்லுங்கள். பலகையை விட்டு மட்டும் இறங்காதீர்கள்.