கான்டசா கணக்கு நோட்டு

கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாகப் படியுங்கள்.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கார் என்பது தூரத்துப் பொருள் இல்லை. விடியற்காலையில் உத்திரமேரூரிலிருந்து கம்பெனி பஸ் ஏறுகிறவர்களில் எத்தனையோ பேர் கார் செய்யப் போகிறவர்கள்தான். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-ல் கார் செய்ய ஆரம்பித்தது. 2007 மார்ச்சில் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் பி.எம்.டபிள்யூ தொழிற்சாலை வந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான். 2019-ல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரியும் வரை இந்த மூன்றுமே நம் காஞ்சிபுரம் மாவட்டம்தான். ஒரு நாளைக்கு நூறு கதவு மாட்டுகிற பிள்ளை, ஒரு நாளாவது அப்படி ஒரு கதவைத் தன் சாவியால் திறக்க ஆசைப்படுவதில் தப்பு என்ன?

புதிதாக வாங்க முடியாது. ஆனால் பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய பிறகு அதே பெரிய வண்டி, ஒரு புது சின்னக் காரின் விலைக்கும் கீழே வந்து நிற்கிறது. புரோக்கர் போனில் படம் அனுப்புகிறார். கழுவித் துடைத்து, டயருக்குப் பாலிஷ் போட்டு, மாமல்லபுரம் ரோட்டில் நிறுத்தி எடுத்த படம். அதைப் பார்த்துவிட்டு இந்த ஒரு வருடத்தில் மட்டும் நான்கு பேர் "சார், வாங்கலாமா?" என்று என்னிடம் கேட்டுவிட்டார்கள். என்னிடம் ஒரு பழைய கான்டசா இருப்பதால் நான் விவரம் தெரிந்தவன் என்று நினைக்கிறார்கள். தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லோருக்குமாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் என் வண்டியின் கதை. 1996 மாடல், 1.8 பெட்ரோல். 2006 மார்ச்சில் காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு வியாபாரக் குடும்பத்திடமிருந்து 65,000 ரூபாய்க்கு வாங்கினேன். அந்த நாளில் புது சின்னக் கார் இரண்டு லட்சத்துக்கு மேல். என் அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து, பஸ் படி ஏற முடியாமல் போன நேரம். சின்னக் காரின் பின்சீட்டில் அவர்களால் கால் நீட்டிச் சாய முடியவில்லை. கான்டசாவில் முடிந்தது. ஐந்து வருடம், மாதம் இரண்டு முறை செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு அந்தப் பின்சீட்டில்தான் போய் வந்தார்கள். 2011-ல் அம்மா காலமானார்கள். வண்டி இருக்கிறது.

வாங்கின நாள் முதல் ஒரு நோட்டுப் போட்டேன். நம் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டைப் பற்றி வகுப்பில் சொல்லியிருக்கிறேனே, ஞாபகம் இருக்கிறதா? பராந்தக சோழன் காலத்துக் குடவோலை விதிகளில், வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனும் அவன் சொந்தக்காரர்களும் மறுபடி வாரியத்துக்கு வர முடியாது என்று இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்துவிட்டுக் கணக்கு எழுதாமல் இருக்கலாமா?

நோட்டு சொல்வது இது. 2025 மார்ச் வரை 19 வருடத்தில் ரிப்பேருக்கும் பாகங்களுக்கும் 4,38,000 ரூபாய். பெட்ரோலும் இன்சூரன்சும் இதில் சேராது. ஓடியது 61,000 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு ஏழு ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். லிட்டருக்கு ஒன்பது, பத்துதான் கொடுக்கும் என்பதால் பெட்ரோலுக்கு இன்னொரு பத்து, பதினொன்று. இன்னொரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்த 4,38,000-ல் 1,46,000 முதல் நான்கு வருடத்திலேயே போய்விட்டது. சரியாக மூன்றில் ஒரு பங்கு. முன்னால் வைத்திருந்தவர் தள்ளிப்போட்ட வேலையெல்லாம் புதிதாக வாங்குகிறவர் தலையில்தான் விடியும். பழைய வண்டிகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

இப்போது முக்கியமான சூத்திரம். வருடம் போகப் போகக் காரின் விலை குறையும். காரின் பாகத்தின் விலை குறையாது. புதிதாக 40 லட்சத்துக்கு விற்ற வண்டியை நீங்கள் நாலரை லட்சத்துக்கு வாங்கலாம். ஆனால் அதன் கியர்பாக்ஸுக்கும் ஹெட்லைட்டுக்கும் நீங்கள் நாலரை லட்ச ரூபாய்க் காரின் சொந்தக்காரர் என்பது தெரியாது. அவை 40 லட்ச ரூபாய்க் காரின் பாகங்களாகவே இருக்கும். இன்சூரன்சும் அப்படித்தான். மூன்றாம் நபர் பிரீமியம் எஞ்சின் அளவைப் பொறுத்தது, வண்டியின் வயதைப் பொறுத்தது அல்ல. 2022 ஜூனில் வந்த கட்டணப்படி 1000 சிசி வரை 2,094 ரூபாய், 1500 சிசிக்கு மேல் 7,897 ரூபாய். வரி தனி. யானையைக் கட்டித் தீனி போடுவது என்று பெரியவர்கள் சொன்னது சும்மா இல்லை.

அப்படியானால் கான்டசா எப்படி இத்தனை வருடம் தாங்கியது? அதற்குக் காரணம் என் சாமர்த்தியம் இல்லை. 2002-லேயே அந்தக் காரை நிறுத்திவிட்டார்கள். ஆனால் அதே இசுசூ எஞ்சினை அம்பாசடரிலும் போட்டிருந்தார்கள். அம்பாசடர் ஓடிய வரைக்கும் சாமான் கிடைத்தது. இன்றைக்கும் சென்னை புதுப்பேட்டையில் தேடினால் கிடைக்கிறது. இதற்கு நேர் எதிரான உதாரணமும் நமக்குப் பக்கத்திலேயே உண்டு. பெருங்களத்தூர் பக்கம் ஸ்டாண்டர்டு கம்பெனி இருந்ததே, ஹெரால்டு கார் செய்த கம்பெனி. 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு சொகுசுக் கார் விட்டார்கள். இங்கிலாந்து ரோவர் காரின் உடம்பு, உள்ளே பழைய காலத்து எஞ்சின். விலை அதிகம், விற்கவில்லை, 1988 வாக்கில் உற்பத்தியே நின்றுவிட்டது. அந்தக் காரை ஆசையாக வாங்கியவர்களுக்குக் கதவுக் கைப்பிடி உடைந்தாலும் திண்டாட்டம்தான். ஆகவே பழைய பெரிய கார் வாங்குகிறவர் அதன் அழகைப் பார்ப்பதற்கு முன், அதன் சாமான் இன்னும் எத்தனை வண்டிகளுக்குப் பொருந்துகிறது என்று பார்க்க வேண்டும்.

நான்கு பேர் கேட்டார்கள் என்றேன் அல்லவா? அதில் ஒருவனைப் பற்றி அவன் அனுமதியோடு எழுதுகிறேன். ஒரகடத்தில் வேலை. மகள் பிளஸ் டூ. கையில் 5,10,000 ரூபாய் சேர்த்து வைத்திருந்தான். 2012 மாடல் ஜெர்மன் கார் ஒன்று நாலரை லட்சத்துக்கு வந்தது. "அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி வண்டியைக் கொண்டா" என்றேன். இன்னொரு மாணவன், பத்தாம் வகுப்போடு நின்று மெக்கானிக் ஆனவன், என் கான்டசாவை இத்தனை வருடம் உயிரோடு வைத்திருப்பவன், ஸ்கேனரை மாட்டிப் பார்த்தான். வண்டிக்கு அடியில் படுத்தும் பார்த்தான். பிறகு ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தான்.

பின்பக்க ஏர் சஸ்பென்ஷன் இரண்டு பக்கமும் கசிவு: 60,000. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் ஒருமுறைகூட மாற்றவில்லை, ஃபில்டரோடு சர்வீஸ்: 35,000. நான்கு டயர்: 56,000. கூலன்ட் டேங்க், ஹோஸ், வாட்டர் பம்ப்: 22,000. பிரேக் வேலை: 17,000. மொத்தம் 1,90,000. ஆக வண்டியின் உண்மையான விலை 6,40,000. அதுவும் முதல் நாள் கணக்குதான்.

அவன் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "சார், போன தை மாசம் ஒரு கல்யாணத்துக்குக் குடும்பத்தோட பைக்ல போனோம். கார்ல வந்தவங்களை வாசல்ல வந்து கூட்டிக்கிட்டுப் போனாங்க. எங்களைப் பார்த்து 'வண்டியை அந்தப் பக்கம் ஓரமா விடுப்பா'ன்னாங்க. என் பொண்ணு கேட்டுக்கிட்டே நின்னுச்சு சார்."

அந்த வார்த்தைக்கு என்னிடம் சூத்திரம் இல்லை. அவன் ஆசை வெறும் பகட்டு என்று நான் சொல்ல மாட்டேன். மகள் முன்னால் பட்ட அவமானத்தை நாலரை லட்சம் கொடுத்தாவது துடைக்க நினைக்கிறான். ஆனால் அந்த 5,10,000-ல் மகளின் முதல் வருடக் கல்லூரிப் பணமும் இருந்தது. "அந்த வாசல்ல நின்னவங்களுக்காக உன் பொண்ணோட ஃபீஸை எடுத்துக் கொடுக்கணுமாடா?" என்று மட்டும் கேட்டேன். அவன் அட்வான்ஸ் கொடுக்கவில்லை. மனக்காயம் ஆறிவிட்டது என்று சொல்ல முடியாது.

இதைப் படிக்கும் சொந்தங்களுக்கும் ஒரு வார்த்தை. நம் வீட்டு விசேஷங்களிலும் வாசலில் நிற்பது நாம்தான். வருகிறவர் எதில் வந்தார் என்று பார்த்து வாய் திறப்பதை நாம் விட்டால், எத்தனையோ பிள்ளைகள் கடனில் விழாமல் தப்பிப்பார்கள்.

சரி, இவ்வளவுக்குப் பிறகும் உண்மையான ஆசையோடு, கையில் பணத்தோடு வாங்குகிறவர் இருந்தால், என் அனுபவம் இதோ.

வாங்கும் விலையில் பாதியைத் தனியாக வங்கியில் வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லை என்றால் அந்த வண்டி உங்களுக்கு இல்லை.

காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது போய்ப் பாருங்கள். வருவதாகச் சொன்னவுடனே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைக்கிறார்கள் என்றால் காரணம் கேளுங்கள். ஏர் சஸ்பென்ஷன் வண்டி என்றால் ராத்திரி நிறுத்தி வைத்த பிறகு ஒரு மூலை தாழ்ந்திருக்கிறதா பாருங்கள். சில டீசல் எஞ்சின்களில் டைமிங் செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும். சத்தம் வந்தால் பெரிய இறக்குமதி வேலை ஆகிவிடும், அதாவது எஞ்சினையோ கியர்பாக்ஸையோ கீழே இறக்க வேண்டும்.

வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனை கார்கள் மூழ்கின என்று நமக்குத் தெரியும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள், வண்டல் கறை இருக்கும். சீட்டுக்கு அடியில் உள்ள கம்பியில் துருவும், கார்ப்பெட்டுக்குக் கீழே சேறும் சொல்லிவிடும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருடம் 23-வது வாரம் செய்தது. பட்டன் ஆழமாக இருந்தாலும் பழைய ரப்பர் பழைய ரப்பர்தான்.

ரேடியேட்டரில் நம் ஊர் கிணற்றுத் தண்ணீர், போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். உப்புப் படிந்து அடைக்கும். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும்தான். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். இப்போது வருவது எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல். பழைய கார்களின் ரப்பர் ஹோஸ் அதற்காகச் செய்ததில்லை. என் வண்டியில் இந்த வருடம் பெட்ரோல் ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றினேன். வாரம் ஒருமுறையாவது பத்துக் கிலோமீட்டர் ஓட்டுங்கள். சும்மா நிற்கும் வண்டியில் முதலில் குடியேறுவது எலிதான்.

ஆர்.சி. விஷயம். 15 வருடம் முடிந்தால் ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைக் காட்டி ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025 ஆகஸ்ட் முதல் 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 10,000. பசுமை வரி தனி. லோன் இருந்த வண்டி என்றால் அது ரத்தான காகிதம் கையில் வராமல் பணம் கொடுக்காதீர்கள்.

என் கான்டசாவுக்கு 2026-ல் அடுத்த புதுப்பித்தல். "எடைக்குப் போட்டுடுங்கப்பா" என்கிறாள் மகள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எனக்கும் வயதாகிறது, ஸ்டியரிங் கனமாக இருக்கிறது. நோட்டைப் பார்த்தேன். கடந்த ஐந்து வருடத்தில் வருடச் செலவு 20,000-க்குள்தான். என் பென்ஷனில் அது தாங்கும். ஆகவே இன்னொரு ஐந்து வருடம் புதுப்பிக்கிறேன். எந்த வருடமாவது 40,000-ஐத் தாண்டினால் அந்த வருடமே கொடுத்துவிடுவது என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழிதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். மகளும் சாட்சிக் கையெழுத்து போட்டிருக்கிறாள்.

உங்களில் யாராவது பழைய வண்டி பார்த்து வைத்திருந்தால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓட்டிக்கொண்டு வாருங்கள். அந்த மெக்கானிக் தம்பியும் நானும் இருப்போம். அவன் கூலியை மட்டும் அவனுக்குக் கொடுத்துவிடுங்கள். டீ என் செலவு. பைக்கில் வருகிறவர்களும் வீட்டு வாசலிலேயே நிறுத்தலாம்.

அன்புடன்,
உங்கள் கணக்கு சார்
உத்திரமேரூர்