ஏரியில கை வைக்காதீங்க சார்!

சேலத்தில் வேர்த்து வழிந்தபடி பஸ் ஏறினால், இருபதாவது கொண்டை ஊசி வளைவு வருவதற்குள் 'ஜன்னலைச் சாத்துங்க' என்று பின் சீட்டிலிருந்து குரல் வரும். ஏற்காடு வந்துவிட்டது என்று அர்த்தம். சேர்வராயன் மலையில் சுமார் 1,500 மீட்டர் உயரம். ஏரியும் காடும் சேர்ந்துதான் ஊருக்குப் பெயர் என்பார்கள். காட்டில் நிறைய இடத்தைக் காபித் தோட்டம் பிடித்துக்கொண்டது. 1820-களில் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை ஆரம்பித்து வைத்த வேலை அது. ஏரி மட்டும் ஊருக்குள்ளேயே படகும் கூட்டமுமாக ஜோராக இருக்கிறது.

எல்லோரும் பெடல் மிதித்துக்கொண்டிருக்க, என்னோடு வந்த பேங்க் நண்பர் கரையில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். வீட்டில் மூன்றடி மீன் தொட்டி வைத்திருக்கும் ஆசாமி. பிளாஸ்டிக் செடி என்றாலே முகம் சுளிப்பார். கையில், காலையில் இட்லி வைத்திருந்த டிபன் டப்பா!

''ஒரு கொத்து பாசி எடுத்துக்கறேன்யா. கடையில காசு கேப்பான்.''

படகுத்துறை ஆள் பார்த்துவிட்டார். ''ஏரியில கை வைக்காதீங்க சார்!''

அவர் அதட்டியது நல்லதுக்குத்தான். மலைக் குளிரில் வளர்ந்த செடியைச் சென்னையின் வெந்நீர்த் தொட்டியில் போட்டால் அழுகிப் போகவே வாய்ப்பு அதிகம். தவிர, பாசியோடு தட்டான் பூச்சியின் குஞ்சும் வரும். தண்ணீருக்குள் வளரும் அந்தப் பொடியன் சின்ன மீன்களை ஒவ்வொன்றாகச் சாப்பிட்டுவிடுவான்!

பஜ்ஜி, டீயோடு நண்பர் சமாதானமாகி, தன் செல்லச் செடிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். முதலிடம் வாலிஸ்நேரியாவுக்கு. பச்சை ரிப்பன் மாதிரி இலை. நம் நாட்டுக் குளங்களிலேயே உண்டு. இதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் பூ நீண்ட காம்பின் நுனியில் தண்ணீர் மட்டத்துக்கு வந்து காத்திருக்கும். ஆண் பூ அடியிலேயே கழன்று மேலே மிதந்து, காற்று தள்ளுகிற பக்கமெல்லாம் அலைந்து, அவளைப் போய் முட்ட வேண்டும். காரியம் முடிந்ததும் காம்பு ஸ்பிரிங்காகச் சுருண்டு அம்மணி உள்ளே போய்விடுவார். ஐயா அம்போ! (கல்யாணமானவர்கள் பெருமூச்சு விட வேண்டாம்.)

அடுத்தது கிரிப்டோகோரைன். இலங்கையில் பல வகை உண்டு. இடம் மாற்றினால் இதற்குப் பிடிக்காது. டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வாங்கிய கிளார்க் மாதிரி இலையெல்லாம் தளர்ந்து கூழாகிவிடும். செத்துவிட்டது என்று பிடுங்கி எறியாதீர்கள். வேரைத் தொடாமல் விட்டால் சில வாரங்களில் துளிர்க்கும்.

நம் ஊர்க் கொட்டியும் தொட்டிக்கு ஏற்றதுதான். குளம் வற்றினாலும் கூடவே கிடக்கிற உறவுக்கு ஔவையார் மூதுரையில் உதாரணம் காட்டுகிறாரே, அதே கொட்டி. வறட்சியில் கிழங்காகத் தூங்கி, தண்ணீர் வந்ததும் எழுந்துகொள்ளும்.

ஹைட்ரில்லா கதைதான் வயிற்றைக் கலக்கியது. நம் பக்கம் குளத்துக்குக் குளம் கிடக்கிற சாதாரணப் பாசி அது. 1950-களில் மீன் தொட்டி அலங்காரத்துக்கென்று இலங்கையிலிருந்து அமெரிக்கா போனது. ஃப்ளோரிடாவில் தொட்டியிலிருந்து கால்வாய்க்குத் தப்பியது. ஒடிந்த ஒரு துண்டுத் தண்டு போதும், தனிச் செடியாகிவிடும். ஏரி ஏரியாகப் படர்ந்து படகை மறித்தது. ஒழித்துக்கட்ட லட்சக்கணக்கான டாலர் கொட்டினார்கள், இன்னும் ஒழியவில்லை. நாம் மட்டும் என்ன வாழ்ந்தது? தென்னமெரிக்காவிலிருந்து ஆகாயத் தாமரையை வரவழைத்து, நம் ஏரிகளைத் தாரை வார்த்திருக்கிறோம்.

''அப்போ ஏரியிலேர்ந்து எடுக்கறதைவிட, தொட்டிச் செடியை ஏரியில போடறதுதான் பெரிய ஆபத்து, இல்லையா?'' என்றேன்.

''அதே! தொட்டியைக் காலி பண்றவன் பாவம் பார்த்து மீனையும் செடியையும் ஏரியில விடுவான். அந்தப் பாவம் ஏரியைத்தான் பிடிக்கும்.''

கழித்த பாசியை அவர் மொட்டைமாடி வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்து ரோஜாத் தொட்டிக்கு உரமாகப் போடுகிறாராம். மீன் கழிவு கலந்த பழைய தண்ணீரும் அங்கேதான். பூ நன்றாகப் பெரிதாகவே வருகிறது என்கிறார்.