அவீர் சந்தையின் குளிர் அறைகள்

துபாயின் ராஸ் அல் கோர் பகுதியில் இருக்கிறது அல் அவீர் பழம், காய்கறி மொத்தச் சந்தை. ஹம்ரியாவில் இருந்த பழைய மார்க்கெட்டை 2004-ல் இங்கே மாற்றினார்கள். நம் ஊர்க்காரர்கள் சுருக்கமாக ‘அவீர் மார்க்கெட்’ என்பார்கள். கோயம்பேட்டைப் பார்த்தவர்களுக்கு அந்த அதிகாலை இரைச்சல் புதிதாக இருக்காது. நாசிக் வெங்காயம், பாகிஸ்தான் உருளைக்கிழங்கு, ஈரான் தர்பூசணி, எகிப்து ஆரஞ்சு என்று லாரிகள் வரிசைகட்டும். விலை பேசுவது இந்தியிலும் உருதுவிலும் மலையாளத்திலும் நடக்கும், அரபி அபூர்வம்.

அமீரகம் சாப்பிடுவதில் பெரும்பகுதி வெளியிலிருந்து வருவது. கோடையில் நிழலிலேயே 45 டிகிரி தொடும் ஊர் அது. தக்காளிப் பெட்டி இரண்டு மணி நேரம் வெளியே இருந்தால் மதியத்துக்குள் குழைந்துவிடும். அதனால் கடைகளுக்குப் பின்னால் வரிசையாகக் குளிர்பதனக் கிடங்குகள். ஆப்பிளுக்கு பூஜ்ஜியத்தை ஒட்டி ஓர் அறை, வாழைக்கு 13 முதல் 14 டிகிரியில் ஓர் அறை, உறைய வைத்த பட்டாணிக்கும் மீனுக்கும் மைனஸ் 18-ல் ஓர் அறை. இந்த அறைகளை ஓட வைப்பவர்கள் மெக்கானிக்குகள். அவர்களில் கணிசமானவர்கள் கேரளாக்காரர்களும் தமிழர்களும்தான்.

அவர்களில் ஒருவர் பேராவூரணிப் பக்கத்து இளைஞர். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் தென்னை. 2018 நவம்பர் 16-ம் தேதி அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தது. விடிந்து பார்த்தபோது நூறு மரத்தில் ஒன்பது நின்றன. தென்னம்பிள்ளை வைத்தால் காய் பார்க்க ஐந்து, ஆறு வருடம் ஆகும். அதுவரை வீட்டுக்கு வருமானம் வேண்டும். மகன் ஐ.டி.ஐ-யில் இரண்டு வருட ஏ.சி, ஃபிரிட்ஜ் மெக்கானிக் படிப்பு முடித்துவிட்டு, பட்டுக்கோட்டையில் ஒரு கடையில் ஸ்பிளிட் ஏ.சி மாட்டிக்கொண்டிருந்தார்.

ஏஜென்ட் ஒருவர் 1,20,000 ரூபாய் கேட்டார். ‘விசிட் விசாவில் போகலாம், போனதும் கம்பெனி மாற்றிக் கொடுத்துவிடும்’ என்றார். நிலப் பத்திரத்தை அடகு வைக்க அப்பா தயாராகத்தான் இருந்தார். பக்கத்துத் தெருவில் பதினேழு வருடம் சவுதியில் இருந்துவிட்டு வந்த பெரியவர்தான் தடுத்தார். “விசிட் விசால வேலை பாத்தா அங்க குத்தம். மாட்டுனா அபராதம், திரும்பவும் உள்ள விடமாட்டான். பத்திரத்தைப் பீரோவுல வை.”

அவர் சொன்னது சரி. பதிவுபெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி-யும்தான் வாங்கலாம் என்பது இந்திய விதி. ஏஜென்டின் பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் யாரும் பார்த்துக்கொள்ளலாம். தமிழக அரசுக்கே சென்னையில் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. அமீரகச் சட்டமும் ஆள் எடுக்கும் செலவை முதலாளியே ஏற்க வேண்டும் என்கிறது. இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பத்தாவது தேறியவருக்குக் குடிபெயர்வு அனுமதி தேவையில்லாத பாஸ்போர்ட் கிடைக்கும். அதைச் சலுகை என்று நினைக்கிறார்கள். ஆனால், அனுமதி தேவையில்லை என்றால் போகும் முன்பு உங்கள் ஒப்பந்தத்தை எந்த அதிகாரியும் பார்க்கப் போவதில்லை. ஐ.டி.ஐ படித்த பையன் தன் காகிதத்தைத் தானேதான் வரிவரியாகப் படிக்க வேண்டும்.

அந்தக் காகிதத்தில் முக்கியமான வரி ‘பேசிக்’ சம்பளம். இரண்டு கம்பெனிகள் மொத்தம் 1,800 திர்ஹாம் என்று சொல்லலாம். ஒன்றில் பேசிக் 1,500, இன்னொன்றில் 1,000 என்றால் இரண்டும் ஒன்றல்ல. ஓவர்டைமுக்கு 25 சதவிகிதம் கூடுதல், இரவு பத்துக்கும் நாலுக்கும் நடுவே என்றால் 50 சதவிகிதம் கூடுதல். இரண்டும் பேசிக்கை வைத்துத்தான். வேலையை விட்டு வரும்போது கிடைக்கும் பணிக்கொடையும் அப்படியே. முதல் ஐந்து வருடங்களுக்கு, வருடத்துக்கு 21 நாள் பேசிக். 1,000 என்றால் வருடத்துக்கு 700 திர்ஹாம், 1,500 என்றால் 1,050. பேராவூரணி இளைஞர் மொத்தத் தொகை குறைவான, பேசிக் கூடுதலான வேலையைத் தேர்ந்தெடுத்தார். ஊரில் அதைப் பைத்தியக்காரத்தனம் என்றவர்கள் உண்டு.

போனபின் தெரிந்தது, பட்டுக்கோட்டையில் படித்த தொழில் பாதிதான் என்று. அங்கே ஏ.சி ரிப்பேர் என்றால் கேஸ் ஏற்றுவது, கெபாசிட்டர் மாற்றுவது. அவீரில் ஓர் அறையில் இருக்கும் சரக்கின் விலையே பல லட்சம். குளிர்பதன இயந்திரம் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளேயிருக்கும் சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறது. கொட்டும் வேலை மொட்டை மாடியில் உள்ள கண்டென்சருக்கு. வெளிக்காற்றே 46 டிகிரி என்றால் கண்டென்சர் 55 டிகிரிக்கு மேல் கொதித்தால்தான் சூடு வெளியேறும். அப்போது குழாயில் அழுத்தம் 350 பி.எஸ்.ஐ-யைத் தாண்டும். அதில் பாலைவனத் தூசி படிந்து காற்று அடைத்தால் அழுத்தம் இன்னும் ஏறி இயந்திரம் தானாக நின்றுவிடும். அதனால் ஜூலை, ஆகஸ்ட்டில் மெக்கானிக்கின் முதல் கருவி ஸ்பேனர் அல்ல, தண்ணீர்க் குழாய். விடிவதற்குள் மாடி ஏறி கண்டென்சர்களைக் கழுவி முடிக்க வேண்டும்.

ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை நேரடி வெயிலில் வேலை வாங்கக்கூடாது என்று அங்கே சட்டம். அந்த நேரத்தில் மாடியில் ஒரு மெஷின் நின்றால், கீழே அறையின் வெப்பநிலை ஏறுவதைப் பார்த்துக்கொண்டு மூன்று மணி வரை காத்திருக்க வேண்டும். கதவைத் திறக்காமல் வைத்திருந்தால் அறை தாங்கும். வியாபாரி திறக்காமல் இருப்பாரா என்பது வேறு கதை.

வெயிலை விடச் சிரமம், உள்ளுக்கும் வெளிக்கும் மாறுவது. மைனஸ் 18 அறையில் உறைபனி பிடித்த காயிலைச் சரிசெய்துவிட்டு வெளியே வந்தால், ஐந்து நிமிடத்தில் அறுபது டிகிரி வித்தியாசம். மூக்குக்கண்ணாடி ஒரேயடியாகப் பூத்துவிடும். தலைவலி, சளி, மூட்டுவலி மூன்றும் இந்தத் தொழிலோடு ஒட்டிக்கொண்டவை. “பணம் ஒரு மாசம் வராட்டியும் போவுது தம்பி, காய்ச்சலோட மாடி ஏறாதே” என்பார் அப்பா போனில். மகன் சரி என்பார். ஏறுவார்.

தேனியிலிருந்து தூத்துக்குடி துறைமுகம் வழியாக வாழைத்தார் சீப்புகளாக்கப்பட்டு, அட்டைப்பெட்டியில் ரீஃபர் கன்டெய்னரில் ஜெபல் அலிக்கு வரும். ஒருமுறை தமிழ் எழுத்து அச்சிட்ட பெட்டிகள் வந்தபோது அவரே ஆவலாகப் பிரித்தார். நடு அடுக்கில் இருந்தவை மஞ்சளாகிவிட்டிருந்தன. கன்டெய்னர் ரிப்பேர் என்று வியாபாரி சத்தம் போட்டார். பதிவுக் கருவியைப் பார்த்தால், வழிநெடுக அது 13.5 டிகிரி காற்றைத்தான் ஊதியிருக்கிறது. தோட்டத்துச் சூட்டோடு பெட்டியில் அடைத்து, நேராக ஏற்றிவிட்டார்கள். ரீஃபர் கன்டெய்னர் குளிர்ந்த சரக்கைக் குளிராக வைத்திருக்கத்தான் செய்யப்பட்டது. சூடான சரக்கைக் குளிர்விக்க அதற்குத் திராணி போதாது. நடுவில் உள்ள பெட்டிக்குக் காற்று போய்ச் சேர்வதற்குள் காய் பழுக்கத் தொடங்கிவிடும். ஒரு பெட்டி பழுத்தால் அதிலிருந்து வரும் எத்திலீன் பக்கத்துப் பெட்டியையும் பழுக்க வைக்கும். ஏற்றுவதற்கு முன்பு முன்குளிர்விப்பு அறையில் காயின் உள்சூட்டை இறக்கியிருந்தால் அந்த லோடு தப்பியிருக்கும். நேர்மாறான தப்பும் நடக்கிறது. அவசரப்பட்டு 10 டிகிரிக்குக் கீழே வைத்தால் தோல் சாம்பல் பூத்து, அப்புறம் எந்த அறையில் வைத்தாலும் ஒழுங்காகப் பழுக்காது. நஷ்டம் எந்தப் பக்கம் நடந்தாலும் கடைசியில் கழிவது விவசாயியின் கணக்கில்தான்.

அன்றிரவு சோனாப்பூர் கேம்பில் எட்டுப் பேர் படுக்கும் அறையில், அடுக்குக் கட்டிலில் உட்கார்ந்து அப்பாவுக்கு அதைத்தான் விளக்கிக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு வாழை கிடையாது. ஆனாலும் கேட்டார்: “அப்ப இங்கயே ஒரு ரூம் போட்டா ஓடுமா?”

ஓடும், கணக்கு சரியாக இருந்தால். குளிர்பதனக் கிடங்குக்குத் தோட்டக்கலை இயக்கத்தில், சமவெளிப் பகுதிகளில் வங்கிக் கடனோடு இணைந்த 35 சதவிகித மானியம் உண்டு. வேளாண் உள்கட்டமைப்பு நிதியில் 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு ஏழு வருடம் வரை 3 சதவிகித வட்டிச் சலுகை கிடைக்கும். மானியம் கட்டி முடித்தபிறகுதான் வரும் என்பதையும், கரன்ட் பில் மாதம் தவறாமல் வரும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். சரக்கு வருடத்தில் மூன்று மாதம்தான் என்றால், மீதி ஒன்பது மாதம் அறை காலியாகவே குளிர்ந்துகொண்டிருக்கும். கிடங்கு கட்டியவர்கள் பலர் தடுமாறுவது இன்னோர் இடத்தில்: நள்ளிரவில் கம்ப்ரசர் நின்றால், கூப்பிட்ட நேரத்துக்கு வந்து நிற்க ஆள் இல்லை. அந்த ஆள் இப்போது அவீரில் இருக்கிறார்.

கஜாவுக்குப் பிறகு வைத்த தென்னம்பிள்ளைகளில் அறுபத்திரண்டு பிழைத்தன. முதல் பாளை விட்ட படத்தை அம்மா போனில் அனுப்பினார். இன்னும் இரண்டு வருட ஒப்பந்தம் எழுதலாமா, கணக்கை முடித்துக்கொண்டு வரலாமா என்று மகன் கேட்டதற்கு வீட்டில் யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை. பத்திரம் பீரோவில் இருக்கிறது.