தழும்பின் நீளம்

கடந்த மாதம் கிளிவெட்டியிலிருந்து தங்கையின் மகன் தொலைபேசியில் அழைத்தான். “மாமா, தோளைத் திறந்து செய்வது நல்லதா, கீஹோல் நல்லதா?”

அவனுக்கு வயது 26. கபடியில் முதன்முறை விலகிய வலது தோள்மூட்டு, இதுவரை ஏழு தடவை விலகிவிட்டது. கடைசித் தடவை நெல் மூடையைத் தூக்கியபோது. ஒரு வைத்தியர் கீஹோல் போதும் என்றாராம். மற்றவர் திறந்த சத்திரசிகிச்சையே பொருத்தம் என்றாராம். நான் யோசிக்கவேயில்லை. “கீஹோலைச் செய் தம்பி. தழும்பு சிறிது, நோவும் குறைவு” என்றேன்.

அவன் என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. என் இடது தோளும் இருபது வயதில் விலகியது. கிண்ணியாப் பாலம் 2009இல்தான் திறக்கப்பட்டது. அன்று மூதூர் சென்று, கொட்டியாரக் குடாவை லோஞ்சில் கடந்தே திருகோணமலை ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழிநெடுக அம்மா என் கையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். பின்னரும் பலமுறை விலகியது. சத்திரசிகிச்சை பற்றி எவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தக் கையை உயர்த்தாமலே வாழப் பழகிக்கொண்டேன்.

அன்றிரவு நித்திரை வரவில்லை. இருதரப்பையும் விசாரிக்காமல் செய்தி எழுதாதே என்று இளையவர்களுக்குச் சொல்லிவந்தவன் நான். சொந்த மருமகனின் தோளுக்கோ தலைப்பை மட்டும் வாசித்துத் தீர்ப்பு வழங்கிவிட்டேன். மறுநாள் தேடி வாசிக்கத் தொடங்கினேன்.

தோள்மூட்டு, சிறு தட்டின்மேல் வைத்த தேங்காய் போன்றது. தட்டின் விளிம்பிலுள்ள மென்மையான வளையமும் இணைப்பு நார்களும் பந்தைப் பிடித்து வைத்திருக்கின்றன. விலகும்போது முன்பக்க வளையம் கிழிந்துபோவதை 1923இல் விளக்கியவர் ஆங்கிலேய வைத்தியர் பாங்கார்ட். கிழிந்ததை மீண்டும் எலும்போடு பிணைப்பதே அவர் பெயரால் வழங்கும் சிகிச்சை. அதைத் தோளின் முன்புறம் வெட்டித் திறந்தும் செய்யலாம். சிறு துளைகள் வழியே கமராவைச் செலுத்தியும் செய்யலாம்.

கனடாவின் கல்கரியில் 196 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வு 2014இல் வெளியானது. இரண்டு ஆண்டுகளில் திறந்த முறையில் 11 வீதமானோருக்கும், கீஹோலில் 23 வீதமானோருக்கும் தோள் மீண்டும் நிலைகுலைந்தது. ஆனால் வாழ்க்கைத்தரம் பற்றிய அவர்களின் மதிப்பீட்டில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அப்படியானால் எது நல்லது?

விடை 2000ஆம் ஆண்டில் பேர்கார்ட், டி பீர் ஆகியோர் வெளியிட்ட கட்டுரையில் இருந்தது. அவர்கள் ஆராய்ந்த 194 கீஹோல் சிகிச்சைகளில், எலும்பு பெரிதாகச் சேதமடையாதோருக்கு 4 வீதமே மீண்டும் பிரச்சினை வந்தது. கணிசமாகச் சேதமடைந்தோருக்கு 67 வீதம். ஒவ்வொரு விலகலும் தட்டின் விளிம்பைச் சிறிது சிறிதாகத் தின்கிறது. தட்டே உடைந்தபின் வளையத்தை மட்டும் தைத்துப் பயனென்ன? அத்தகையோருக்கு, அருகிலுள்ள எலும்புத் துண்டொன்றைத் தசைநாணுடன் பெயர்த்து விளிம்பில் திருகாணியால் பொருத்தும் முறையை 1954இல் பிரான்ஸின் லத்தார்ஜே அறிமுகப்படுத்தினார். பெரும்பாலும் திறந்தே செய்யப்படும் இச்சிகிச்சையில் நரம்பு பாதிக்கப்படுதல் போன்ற ஆபத்துகளும் உண்டு.

மீண்டும் அழைத்தேன். “நான் சொன்னதை மறந்துவிடு. எலும்பு எவ்வளவு போயிருக்கிறது என்று வைத்தியரிடம் கேள்” என்றேன். சீ.ரி. ஸ்கேன் எடுத்தார்கள். விளிம்பு கணிசமாகத் தேய்ந்திருந்தது. கீஹோல் என்ற வைத்தியரே படத்தைப் பார்த்ததும் லத்தார்ஜே என்றாராம்.

தங்கைக்கு வெட்டின் நீளம் கவலை. அவனுக்கோ வேறு கவலை: பல வாரங்கள் கை கட்டில் இருக்கும், பல மாதங்கள் மூடை தூக்க முடியாது. “கீஹோல் என்றால் கெதியாக வயலுக்கு இறங்கலாம் என்று நினைத்தேன் மாமா” என்றான். அதுதான் என்னை உலுக்கியது. வெளிக்காயம் சிறிதென்பதால் உள்ளே தைத்தது விரைவில் பொருந்திவிடாது. என் சொல்லைக் கேட்டிருந்தால், தழும்பு காய்ந்ததும் மூடையைத் தூக்கியிருப்பான்.

பெரும்போக வெட்டு முடிந்ததும் சத்திரசிகிச்சை. அதுவரை மூடை தூக்குவதில்லை என்று தாயிடம் வாக்குக் கொடுத்திருக்கிறான். இவ்வருடம் மூடைகளை ஏற்ற ஆள் பிடிப்பது என் செலவு. அவசரப்பட்டுச் சொன்ன வாய்க்கு அது சிறிய தண்டம்தான்.